அடுக்ககத்தில் பார்சல்: வாசகர் கேள்வி-பதில்

அலுவலகத்தில் இருக்கும்போது டெலிவரி ஊழியர் போன் செய்து ஓடிபி கேட்கிறார். சொல்லலாமா? (பெருங்குடி)

பார்சல் கைமாறிய பிறகு சொல்லலாம், அதற்கு முன் கூடாது. போனைக் கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியிடம் கொடுக்கச் சொல்லுங்கள். அவர் லேபிளில் உள்ள பெயரையும் ஃபிளாட் எண்ணையும் வாசிக்கட்டும், பெட்டி அவர் கைக்கு வரட்டும், பிறகு எண்ணைச் சொல்லுங்கள். ஓடிபி என்பது உங்கள் கையெழுத்து. அதைக் கொடுத்த நொடியில் நிறுவனத்தின் கணக்கில் பொருள் உங்களிடம் சேர்ந்தாயிற்று. வரவில்லை என்று பிறகு நீங்கள் வாதாட உங்கள் வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரம் எதுவும் இருக்காது. எண்ணைச் சொல்லும் முன் குறுஞ்செய்தியை முழுதாகப் படியுங்கள். அதில் ரூபாய்த் தொகையோ வங்கியின் பெயரோ இருந்தால் அது டெலிவரி ஓடிபி அல்ல, உங்கள் கணக்கிலிருந்து பணம் எடுக்கும் ஓடிபி.

இன்சுலின் ஆன்லைனில் வாங்குகிறோம். கேட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லலாமா? (அண்ணாநகர்)

வேண்டாம். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். மே மாதத்துச் செக்யூரிட்டி அறை எத்தனை டிகிரி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் ஆள் இருக்கும் நேரத்துக்கு மட்டும் ஆர்டர் போடுங்கள், அல்லது தெருமுனை மருந்துக்கடையில் நேரில் வாங்குங்கள்.

ஆர்டர் செய்தால் அடிக்கடி 'முகவரி கிடைக்கவில்லை' என்று திரும்பிப் போகிறது. எங்கள் கட்டடம் மெயின் ரோட்டிலிருந்தே தெரியும். இவர்கள் தேடுவதே இல்லையா? (வேளச்சேரி)

கடிதத்தின் அடியில் உங்கள் முகவரியை எழுதியிருக்கிறீர்கள். கட்டடத்தின் பெயர், 'கோயில் அருகில்', பின்கோடு, அவ்வளவுதான். பிளாக் இல்லை, மாடி இல்லை, கதவு எண் இல்லை. நூறு வீடு உள்ள வளாகத்தில் எந்தக் கதவைத் தட்டுவது? எனக்கு வரும் புகார்களில் பெரும்பகுதி இந்த ரகம்தான். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது, ஆனாலும் ஒருமுறை முழுதாகச் சொல்கிறேன்.

முதலில் பின்கோடு. 600 என்ற முதல் மூன்று இலக்கம் பார்சலைச் சென்னைக்குக் கொண்டுவரும். எந்தப் பட்டுவாடா அலுவலகம் என்பதைக் கடைசி மூன்று இலக்கம் சொல்லும். தனியார் கூரியர்களும் பெரும்பாலும் இதை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். வேளச்சேரி 600042, பக்கத்து மடிப்பாக்கம் 600091. எல்லைத் தெருவில் இருப்பவர்கள் காதில் விழுந்ததைப் போட்டுவிடுகிறார்கள். பெட்டி வேறு கிடங்குக்குப் போய்த் திரும்ப ஒரு நாளோ இரண்டு நாளோ ஆகிறது.

அடுத்து, வரிசை. முதல் வரியில் ஃபிளாட் எண், பிளாக், மாடி. இரண்டாம் வரியில் கட்டடப் பெயர், கதவு எண், தெரு. பிறகு பகுதி, பின்கோடு. கோயில், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் லேண்ட்மார்க் கட்டத்துக்கு மட்டும். நீளமான முகவரியின் வால் லேபிளில் வெட்டுப்படும் என்பதால் முக்கியமானது முதலில் இருக்க வேண்டும்.

சென்னையில் பழைய எண், புதிய எண் தகராறு இன்னும் ஓயவில்லை. 14/7 என்று எழுதினால் பாதிப் பேர் 14ஆம் எண் கட்டடத்தில் 7ஆவது ஃபிளாட் என்று படிப்பார்கள். 'புதிய எண் 14, பழைய எண் 7' என்று எழுத்தால் எழுதுங்கள்.

சின்ன அபார்ட்மெண்டுகளில் கட்டியவர் வைத்துவிட்டுப் போன ஜி1, எஃப்2, எஸ்3 என்ற எண்கள் இருக்கும். போனில் எஃப் என்றால் எஸ் என்று கேட்கும், பி பிளாக் என்றால் டி பிளாக் என்று கேட்கும். 'எஸ்3, இரண்டாம் மாடி' என்று மாடியையும் சேர்த்துவிட்டால் குழப்பமே இல்லை.

மேப்பில் வைக்கும் புள்ளியையும் கவனியுங்கள். அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு வீட்டு முகவரியைச் சேமித்தால் புள்ளி அலுவலகத்தில் விழுந்திருக்கும். வளாகத்தின் நடுவிலும் வைக்காதீர்கள், டெலிவரி வண்டியை உள்ளே விடும் கேட்டில் வையுங்கள். இரண்டு கேட் இருந்தால் எது என்று குறிப்பில் எழுதுங்கள். அஞ்சல் துறை 2025இல் கொண்டுவந்த டிஜிபின் பத்து இடக் குறியீடு, சுமார் 4 மீட்டருக்கு 4 மீட்டர் சதுரத்தைக் காட்டும். தனி வீட்டுக்கு அருமையானது. அடுக்ககத்தில் தரைத்தளத்துக்கும் பத்தாம் மாடிக்கும் ஒரே குறியீடுதான், ஆகவே அது ஃபிளாட் எண்ணுக்கும் பின்கோடுக்கும் மாற்று ஆகாது.

கடைசியாக, மாற்றிவிட்ட பழைய போன் நம்பர் இன்னும் கணக்கில் கிடக்கிறதா என்று இன்றே பாருங்கள். இவ்வளவையும் செய்த பிறகும் திரும்பிப் போனால் எழுதுங்கள், உங்களோடு சேர்ந்து நானும் கேட்கிறேன்.

'முகவரி முழுமையாக இல்லை, 48 மணி நேரத்துக்குள் திருத்துங்கள்' என்று இந்தியா போஸ்ட் பெயரில் லிங்க் வந்தது. (தாம்பரம்)

மோசடி. அழித்துவிடுங்கள். கார்டு விவரம் கொடுத்துவிட்டிருந்தால் முதலில் வங்கியை அழைத்துக் கார்டை முடக்குங்கள், அடுத்த அழைப்பு சைபர் குற்ற உதவி எண் 1930. இதன் இன்னொரு வடிவம்: கூரியர் என்று பேசி, *401* அல்லது *21* என்று தொடங்கும் எண்ணை டயல் செய்யச் சொல்வார்கள். செய்தால் உங்களுக்கு வரும் அழைப்புகள் அவர்களுக்குப் போகும், அழைப்பில் வரும் ஓடிபியும் சேர்த்து. டயல் செய்துவிட்டால் உடனே ##002# அழுத்தி ரத்து செய்யுங்கள்.

முக்கியமான தபால் வந்தது. செக்யூரிட்டியிடம் கொடுக்கச் சொன்னால் தபால்காரர் மறுக்கிறார். (மயிலாப்பூர்)

அவர் செய்தது சரி. 2025 செப்டம்பர் 1 முதல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்டோடு இணைந்துவிட்டது. அனுப்பியவர் பதிவு வசதிக்குக் கூடுதல் கட்டணம் கட்டியிருந்தால், பெயருக்குரியவரிடமோ அவர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவரிடமோதான் தர வேண்டும். பாஸ்போர்ட் என்றால் விண்ணப்பித்தவரே அடையாள அட்டையோடு வாங்க வேண்டும். வீட்டில் இருக்க முடியாதவர்கள் 13 இட டிராக்கிங் எண்ணோடும் அடையாள அட்டையோடும் பட்டுவாடா அலுவலகத்துக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம். வழக்கமாக ஒரு வாரம் வைத்திருப்பார்கள், பிறகு திருப்பி அனுப்பிவிடுவார்கள். வீட்டுக்கு அருகில் இருக்கும் தபால் நிலையமே உங்கள் பட்டுவாடா அலுவலகம் என்று நினைத்து அங்கே போய் நிற்காதீர்கள். பின்கோடு எதைக் காட்டுகிறதோ அங்கே போங்கள்.

ஊருக்குப் போயிருந்தபோது செக்யூரிட்டி 650 ரூபாய் கொடுத்து எங்கள் பெயருக்கு வந்த பார்சலை வாங்கி வைத்தார். உள்ளே பழைய துணி. நாங்கள் எதுவும் ஆர்டர் செய்யவில்லை. (போரூர்)

செக்யூரிட்டி கையிலிருந்து பணம் போட்டது உங்கள் மேல் உள்ள மரியாதையால். அந்தப் பணத்தை முதலில் அவருக்குக் கொடுத்துவிடுங்கள். லேபிளை எறியாமல் வைத்து 1930இல் புகார் செய்யுங்கள். இனிமேல் கேட்டில் ஒரே விதி: பணம் கட்டி வாங்கும் பார்சலை, வீட்டுக்காரர் போனில் சரி சொல்லாமல் யாரும் வாங்கக் கூடாது. இதைத் தமிழிலும் இந்தியிலும் எழுதிச் செக்யூரிட்டி மேசையில் ஒட்டுங்கள். வீட்டில் வயதானவர்கள் தனியாக இருந்தால் அவர்களுக்கும் சொல்லிவையுங்கள்.

டெலிவரி ஊழியர்கள் லிஃப்டில் ஏறக் கூடாது என்று எங்கள் அசோசியேஷன் தீர்மானம் போட்டது. அதன் பிறகு 'வீட்டில் ஆள் இல்லை' என்று பொய்யாகப் பதிவு செய்கிறார்கள். (நாவலூர்)

பொய்ப் பதிவு தவறுதான். ஆனால் காரணம் உங்கள் தீர்மானத்தில் இருக்கிறது. ஒருவர் ஒரு நாளில் எண்பது பார்சல் கொடுக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேர வேலையில் ஒரு பார்சலுக்கு ஆறு நிமிடம், வண்டி ஓட்டும் நேரமும் அதற்குள் அடக்கம். ஐந்து மாடி ஏறி இறங்கினாலே அது தீர்ந்துவிடும். தோளில் மூட்டையோடு வெயிலில் வந்த மனிதரைப் படியேறச் சொல்வது, நேரக் கணக்கை விட்டுவிட்டுப் பார்த்தாலும், நியாயமில்லை. இரண்டு வழி உண்டு. லிஃப்டைத் திறந்துவிடுங்கள், சர்வீஸ் லிஃப்ட் இருந்தால் அதையாவது. இல்லையென்றால் கேட்டில் ரேக் போட்டு நீங்கள் இறங்கி வந்து எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. இந்தப் பதிலைப் பிரதி எடுத்து உங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள்.

கேட்டில் ரேக் வைக்க என்ன தேவை? மொத்தம் 100 ஃபிளாட். (மேடவாக்கம்)

ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் (துளையிட்ட இரும்புச் சட்டங்களைப் போல்ட் போட்டு இணைப்பது) இரண்டு. ஆறடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம், ஐந்து தட்டு. அடித்தட்டு தரையிலிருந்து அரை அடி மேலே இருக்கட்டும், மழைத் தண்ணீர் உள்ளே வரும் இடமென்றால் ஓரடி. வந்த நாளை வைத்து அடுக்காதீர்கள், பிளாக் வாரியாக அடுக்குங்கள். பெட்டியின் மேல் ஃபிளாட் எண்ணை மார்க்கரால் பெரிதாக எழுதிவிட்டால் தேடும் வேலை பாதி குறையும். நோட்டில் தேதி, நேரம், நிறுவனம், டிராக்கிங் எண்ணின் கடைசி நான்கு இலக்கம், ஃபிளாட் எண், வாங்கிய செக்யூரிட்டியின் பெயர், எடுத்துப் போனவர் கையெழுத்து என்று ஏழு கட்டம் போதும். வளாகத்துக்கு வருவோரைப் பதிவு செய்யும் மைகேட் போன்ற செயலி இருந்தால், கேட்டிலேயே வைக்கச் சொல்லும் 'லீவ் அட் கேட்' கொடுக்கலாம். அப்போதும் நோட்டை நிறுத்தாதீர்கள், நெட் போகும் நாளில் அதுதான் கைகொடுக்கும். கேமரா ஒன்று ரேக்கைப் பார்த்து இருக்க வேண்டும். பல இடங்களில் நான்கு கேமராவும் சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இரண்டு நாள் எடுக்காத பெட்டிக்கு இன்டர்காமில் நினைவூட்டல். தின்பண்டம் ரேக்கில் ஓர் இரவு கூடத் தங்கக் கூடாது, எறும்பும் எலியும் வந்துவிடும்.

'டெலிவர்ட்' என்று காட்டுகிறது. பொருள் வரவில்லை. பத்து நாள் ஆகிறது, என்ன செய்வது? (கே.கே.நகர்)

பத்து நாள் ஏன் காத்திருந்தீர்கள்? பல வளாகங்களில் கேமராப் பதிவு ஒரு வாரம், இரண்டு வாரத்தில் அழிந்துவிடும். இன்றே பார்க்கச் சொல்லுங்கள். கேட் நோட்டையும், அதே எண்ணுள்ள பக்கத்து பிளாக் வீட்டையும் விசாரியுங்கள். நிறுவனத்திடம் டெலிவரி புகைப்படம், யார் பெற்றார் என்ற பதிவு இரண்டையும் எழுத்தில் கேளுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஓடிபி கொடுத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பொருள் கைக்கு வராமல் கொடுத்திருந்தால் வேலை கடினம்.

காலிப் பெட்டி வந்தால் எப்படி நிரூபிப்பது? (திருவான்மியூர்)

பிரிக்கும் முன்பே வீடியோவைத் தொடங்குங்கள். லேபிள், ஆறு பக்கம், டேப் எல்லாம் தெரிய வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. புகாரை அன்றே பதியுங்கள். செல்போன், லேப்டாப் என்றால் ஓபன் பாக்ஸ் டெலிவரி கிடைக்கும் இடத்தில் அதையே தேர்ந்தெடுங்கள். ஊழியர் முன்னால் பிரித்துப் பார்த்த பிறகுதான் ஓடிபி.

இரட்டைக் கதவு ஃபிரிட்ஜ் வாங்குகிறோம். லிஃப்டில் ஏறுமா? (பள்ளிக்கரணை)

லிஃப்ட் எத்தனை பேருக்கானது என்று எழுதாமல் என்னிடம் கேட்டால் எப்படி? பொதுவாக 6 பேர் லிஃப்ட் 408 கிலோ, கதவுத் திறப்பு 70 சென்டிமீட்டர். 8 பேர் லிஃப்ட் 544 கிலோ, திறப்பு 80, உட்புறம் சுமார் 130க்கு 110. மேலும் கீழுமாகக் கதவுள்ள ஃபிரிட்ஜ் அகலம் 60 முதல் 70 வரை, 8 பேர் லிஃப்டில் சிரமமில்லை. பக்கவாட்டில் திறக்கும் ரகம் 90 சென்டிமீட்டருக்கு மேல் அகலம், நேராக நுழையாது. ஆழம் 70 அளவில் இருந்தால் பக்கவாட்டாகத் திருப்பி நுழைக்கலாம். அட்டைப்பெட்டி, தெர்மோகோலுக்கு ஒவ்வோர் அளவிலும் 5 முதல் 8 சென்டிமீட்டர் கூட்டிக்கொள்ளுங்கள். லிஃப்டில் ஏறிவிட்டு, சமையலறை வாசலில் மாட்டிக்கொள்வதும் உண்டு. அந்த வாசல் பல ஃபிளாட்களில் இரண்டரை அடிதான். அதையும் அளந்த பிறகு பணம் கட்டுங்கள்.

பத்து நாள் வெளியூர் போகிறோம், அதற்குள் வர வேண்டிய பார்சல் இருக்கிறது. (அடையாறு)

கிளம்பும் முன்பே செயலியில் தேதியை மாற்றுங்கள், மாற்ற முடியாவிட்டால் ரத்து செய்து திரும்பி வந்து வாங்குங்கள். பக்கத்து வீட்டில் கொடுக்கச் சொல்வதென்றால் முதலில் அவர்களிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

பிரித்த அட்டைப்பெட்டிகளை அப்படியே குப்பையில் போடலாமா? (குரோம்பேட்டை)

லேபிளைக் கிழித்துவிட்டுப் போடுங்கள். பெயர், முகவரி, சில சமயம் போன் நம்பர், ஆர்டர் எண் எல்லாம் அதில் இருக்கிறது. கிழிக்க வராத லேபிளில் சில சொட்டு தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் விட்டால் உரிந்துவரும்.