26 இருந்தும் ஆட்சியில்லை, 9 போதும்

அன்புள்ள ஐயாவுக்கு,

நாங்கள் நாலைந்து பேர் ஞாயிறு காலைகளில் செபராங் ஜெயாவில் ஒரு ரொட்டி சானாய் கடையில் கூடுவோம். போன வாரம் பேச்சு 2022 பேராக் மாநிலத் தேர்தலுக்குப் போயிற்று. அதிக இடம் பிடித்த கூட்டணி எதிர்க்கட்சி வரிசையில் உட்கார்ந்தது, ஒன்பதே இடம் வென்ற தேசிய முன்னணிக்கு மந்திரி புசார் (சுல்தான் உள்ள மாநிலத்தின் முதலமைச்சர்) பதவி. இது என்ன நியாயம்? நண்பர் ஒருவர், ‘நம் நாட்டுச் சட்டத்தில் சிறுபான்மை அரசு என்ற பேச்சுக்கே இடமில்லை’ என்று அடித்துச் சொல்கிறார். பந்தயமும் கட்டிவிட்டோம். பினாங்கில் நாளை யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காவிட்டால் என்ன நடக்கும்? எஸ்.டி., எஸ்.டி. என்கிறார்களே, ஒரே ஆள் இரண்டு பேருக்கும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்? கட்சித் தாவல் தடைச் சட்டம் வந்த பிறகும் இதெல்லாம் சாத்தியமா?

ஒரு வாசகர், செபராங் ஜெயா

*

அன்புள்ள நண்பருக்கு,

பேராக் சட்டமன்றத்தில் 59 இடம். ஆட்சிக்கு 30 வேண்டும். 2022 நவம்பர் 19 இரவு எண்ணி முடித்தபோது பெரிக்காத்தான் கூட்டணி 26, பக்காத்தான் ஹராப்பான் 24, தேசிய முன்னணி 9. முதலில் வந்தவருக்கு இன்னும் நான்கு பேர் தேவை, இரண்டாவதாக வந்தவருக்கு ஆறு. அவர்கள் இருவரும் ஒருவரோடொருவர் சேரமாட்டார்கள். ஆக, விற்க ஒருவர், வாங்க இருவர். விலை எங்கே போய் நிற்கும் என்று சந்தைக்குப் போய்வந்த எவருக்கும் தெரியும். நவம்பர் 21 அன்று தேசிய முன்னணியின் சாரானி முகமது மந்திரி புசாராகப் பதவியேற்றார். கூட்டரசில் (மத்திய அரசில்) யார் பிரதமர் என்பது தெரிய இன்னும் மூன்று நாள் பிடித்தது.

இதில் ஹராப்பான் ஏமாந்துவிட்டது என்று பலர் எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பேராக் அரசியலமைப்புப்படி மந்திரி புசார் மலாய் முஸ்லிமாக இருக்க வேண்டும் (விலக்கு தரும் அதிகாரம் சுல்தானுக்கு உண்டு). ஹராப்பானின் 24 பேரில் பெரும்பங்கு ஜசெகவினர் (ஜனநாயக செயல் கட்சி), பெரும்பாலும் மலாய்க்காரர் அல்லாதவர்கள். தான் உட்கார முடியாத நாற்காலியை விட்டுக்கொடுப்பதில் ஜசெகவுக்குப் பெரிய நட்டம் இல்லை. 2008-இலும் இதே கதைதான். அப்போது பக்காத்தான் ராக்யாட் கூட்டணியில் ஜசெக 18, பிகேஆர் 7, பாஸ் 6. மந்திரி புசார் ஆனவர் ஆறு பேர் கொண்ட இஸ்லாமியக் கட்சியான பாஸின் நிஜார் ஜமாலுடின்.

நியாயமா என்று கேட்கிறீர்கள். அதிக இடம் பிடித்தவர்தான் ஆளவேண்டும் என்று கூட்டரசு அரசியலமைப்பு எங்கும் சொல்லவில்லை. மாநிலங்களுக்கான விதிகள் அதன் எட்டாவது அட்டவணையில் இருக்கின்றன. சட்டமன்ற உறுப்பினர்களில் பெரும்பான்மையோரின் நம்பிக்கையைப் பெறக்கூடியவர் என்று சுல்தானுக்கோ ஆளுநருக்கோ தோன்றுகிற ஓர் உறுப்பினரை அவர் நியமிக்க வேண்டும். சட்டம் கேட்பது அவ்வளவுதான். கட்சி, கூட்டணி, முதலிடம் என்பதெல்லாம் நம்முடைய பேச்சு. சட்டம் எண்ணுவது தலைகளை.

உங்கள் நண்பரின் வாதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் அதில் பாதி சரி. ‘உறுப்பினர்களில் பெரும்பான்மை’ என்றால் பினாங்கின் 40 பேரில் 21. அன்றைக்கு அவைக்கு வந்தவர்களில் பெரும்பான்மை அல்ல. ஆகவே நியமனத்தின் வாசலில் 18 பேரை மட்டும் வைத்துக்கொண்டு போய் நிற்க முடியாது. ஆனால் உள்ளே நுழைந்த பிறகு கணக்கு மாறுகிறது. சாதாரண மசோதாவுக்கு, ஓட்டுப் போட்டவர்களில் அதிகம் பேர் ஆதரித்தால் போதும். 18 பேர் ஆதரித்து, 17 பேர் எதிர்த்து, ஐந்து பேர் தேநீர் குடிக்கப் போய்விட்டால் மசோதா நிறைவேறியது. அந்த ஐந்து பேரும் ‘நாங்கள் அரசில் சேரமாட்டோம், ஆட்சிக்குழு (மாநில அமைச்சரவை) பதவியும் வேண்டாம், ஆனால் இவர் முதலமைச்சராக இருப்பதை ஆதரிக்கிறோம்’ என்று எழுதிக் கொடுத்தால் வாசலும் திறக்கும். சட்டத்தின் கண்ணில் இது 23 பேரின் நம்பிக்கை பெற்ற அரசு. நடைமுறையில் 18 பேரின் சிறுபான்மை அரசு. நண்பர் சொல்வது போல் இடமில்லாமல் இல்லை, ஒரு கடிதம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அப்படிப்பட்ட கடிதம் எப்படி இருக்கும் என்பதற்குக் கூட்டரசில் நல்ல உதாரணம் இருக்கிறது. 2021 செப்டம்பர் 13 அன்று அப்போதைய பிரதமர் இஸ்மாயில் சப்ரியின் அரசும் ஹராப்பானும் கையெழுத்திட்ட புரிந்துணர்வு ஒப்பந்தம் அது. வரவுசெலவுத் திட்டத்தைத் தோற்கடிக்கமாட்டோம் என்றது எதிர்க்கட்சி. 2022 ஜூலை 31-க்கு முன் நாடாளுமன்றத்தைக் கலைக்கமாட்டோம் என்றது அரசு. அமைச்சர் பதவி ஒன்றும் கைமாறவில்லை. இத்தகைய ஏற்பாட்டில் தேதி போடுவது முக்கியம். தேதியில்லாத ஆதரவு எந்த நாளும் திரும்பப் பெறப்படலாம்.

பினாங்கை எடுத்துக்கொள்வோம். 2023 ஆகஸ்டில் ஹராப்பான் 27, பெரிக்காத்தான் 11, தேசிய முன்னணி 2. இப்போதைக்கு இழுபறிக்கு வழியில்லை. அரசியலமைப்பைத் திருத்தத் தேவையான மூன்றில் இரண்டு பங்கும் அதே 27-தான், ஹராப்பானிடம் தனியாகவே இருக்கிறது. நெகிரி செம்பிலானில் அதே நாளில் ஹராப்பான் 17, தேசிய முன்னணி 14, பெரிக்காத்தான் 5. அங்கே தேவை 19, யாரும் தனியாக ஆளமுடியாது. நாளை பினாங்கில் 19, 16, 5 என்று வந்தால், எண்ணிக்கை முடிந்த இரவே அந்த ஐந்து பேரின் கைப்பேசிகள் சூடாகிவிடும். பேரத்தில் வைக்க இருப்பவையும் குறைவு. எட்டாவது அட்டவணைப்படி ஆட்சிக்குழுவில் முதலமைச்சரைத் தவிர்த்துப் பத்துப் பேருக்கு மேல் இருக்க முடியாது. துணை முதலமைச்சர் பதவி, சபாநாயகர் நாற்காலி, மாநில அரசு நிறுவனங்களின் தலைமை, ஊராட்சி மன்ற நியமனங்கள் ஆகியவைதான் மீதி. பங்கு பிரிப்பது முடிந்ததும் 21 பெயர் கொண்ட பட்டியல் ஆளுநர் மாளிகையான ஸ்ரீ முத்தியாராவுக்குப் போகும்.

அந்தப் பட்டியலோடு போவதுதான் நீங்கள் கேட்ட எஸ்.டி., அதாவது சத்தியப் பிரமாணப் பத்திரம். பார்ப்பதற்கு ஒன்றுமில்லாத ஒரு தாள். பெயர், அடையாள அட்டை எண், தொகுதி, ‘இன்னாரை முதலமைச்சராக ஆதரிக்கிறேன்’ என்று ஒரு வரி, கையெழுத்து, பெசுருஜாயா சும்பாவின் (சத்தியப் பிரமாண ஆணையரின்) முத்திரை. கார் விற்கும்போது நாம் போடுகிற பத்திரத்துக்கும் இதற்கும் சட்டம் ஒன்றுதான், 1960-ஆம் ஆண்டுச் சட்டம். பொய் சொன்னால் குற்றம். ஆனால் காலையில் ஒருவரை ஆதரித்துவிட்டு மாலையில் மனம் மாறியவர் இரண்டு தாளிலும் பொய் சொன்னதாகாதே! கையெழுத்திட்ட நேரத்தில் இரண்டும் உண்மை. ஓட்டை அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் அரண்மனைகள் தாளோடு நிற்காமல் ஆளையும் கூப்பிடுகின்றன. 2009-இல் நிஜாரின் அணியிலிருந்து மூன்று பேர் விலகியபோது, பேராக் சுல்தான் அஸ்லான் ஷா தேசிய முன்னணியின் பக்கம் நின்ற 31 பேரையும் அரண்மனைக்கு வரவழைத்துத்தான் முடிவெடுத்தார். 2018-இல் சபாவில் மே 10 அன்று மூசா அமான் பதவியேற்றார். சில உறுப்பினர்கள் அணி மாறியதும் மே 12 அன்று ஷாஃபி அப்டால் பதவியேற்றார். யார் முதலமைச்சர் என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் நவம்பரில்தான் ஷாஃபிக்குத் தீர்ப்புச் சொன்னது.

நம்பிக்கை போயிற்றா இல்லையா என்பதை அவையில் ஓட்டெடுத்துத்தான் சொல்ல வேண்டுமா? 1966-இல் சரவாக் முதலமைச்சர் ஸ்டீபன் காலோங் நிங்கான் வழக்கில் நீதிமன்றம் ஆம் என்றது. 21 உறுப்பினர்கள் கையெழுத்திட்ட கடிதம் போதாது என்று அவரது பதவி நீக்கத்தைச் செல்லாததாக்கியது. 2010 பிப்ரவரி 9 அன்று, பதவி இழந்த நிஜாரின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம், வேறு வழிகளிலும் தெரிந்துகொள்ளலாம் என்றது. இப்போது நடைமுறையில் இருப்பது இரண்டாவது. என் மனம் இன்னும் முதல் தீர்ப்போடுதான் இருக்கிறது. ஓட்டெடுப்பில் ஒரு தெளிவு இருக்கிறது. 2020 டிசம்பர் 4 அன்று பேராக்கில் அப்போதைய மந்திரி புசார் அகமது பைசால் மீதான நம்பிக்கைத் தீர்மானத்துக்கு ஆதரவு 10, எதிர்ப்பு 48, செல்லாதது 1. அதற்குப் பிறகு யாரும் நீதிமன்றம் போகவில்லை.

பெரும்பான்மை போனவருக்கு ஒரு கடைசி அஸ்திரம் உண்டு. ‘மன்றத்தைக் கலையுங்கள்’ என்று கேட்கலாம். கலைத்தால் 60 நாளுக்குள் தேர்தல். 2020-இல் சபாவில் கலைத்தார்கள். 2021-இல் மலாக்காவில் நான்கு பேர் ஆதரவை விலக்கியபோதும் கலைத்தார்கள். ஆட்சியைப் பிடிக்கக் கிளம்பிய நால்வருக்குக் கிடைத்தது தேர்தல்தான். 2009-இல் பேராக்கில் சுல்தான் மறுத்தார். ஆக எஸ்.டி. திரட்டுகிறவர் எப்போதும் நேரத்தோடு ஓடுகிறார். அவர் அரண்மனைக்குப் போவதற்குள் முதலமைச்சர் போய்விட்டால் எல்லாத் தாளும் வீண்.

இவ்வளவு சொன்னாலும், புதிய அரசு நிற்குமா என்று பார்க்க பதவியேற்பு விழாவைப் பார்க்காதீர்கள். லைட் ஸ்ட்ரீட்டில் பினாங்கு சட்டமன்றம் முதன்முதலாகக் கூடும்போது சபாநாயகர் தேர்வைப் பாருங்கள். சபாநாயகர் இல்லாமல் மன்றம் வேறெந்த வேலையும் செய்ய முடியாது. அரசின் எண்ணிக்கை வெளிச்சத்தில் சோதிக்கப்படும் முதல் இடம் அது. தன் உறுப்பினர் ஒருவரை அங்கே உட்கார வைத்தால் அரசுக்கு ஓர் ஓட்டு குறைகிறது, சமநிலை வந்தால்தான் அவர் ஓட்டுப் போடலாம். 21 பேர் கொண்ட அரசு அவையில் 20 ஆகிவிடும். இதற்கு மாற்று, மன்ற உறுப்பினரல்லாத ஒருவரைச் சபாநாயகராக்குவது. சட்டம் அதை அனுமதிக்கிறது. அவருக்கு ஓட்டே கிடையாது, ஆனால் 21 அப்படியே இருக்கும்.

சபாநாயகர் கையில் என்ன இருக்கிறது என்பதை 2009 பேராக் போல் எதுவும் காட்டியதில்லை. அப்போது சபாநாயகர் துரோனோ உறுப்பினர் வி. சிவகுமார். மூன்று பேர் விலகியதும் பக்காத்தான் 28, தேசிய முன்னணி தன் 28-உம் அந்த மூவருமாக 31. சிவகுமார் என்ன செய்தார்? விலகியவர்களில் இருவர் முன்பே தேதியில்லாமல் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்த பதவி விலகல் கடிதங்களை எடுத்து, தொகுதிகள் காலி என்றார். தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை, இடைத்தேர்தல் இல்லை என்றுவிட்டது. அடுத்து, புதிய மந்திரி புசார் ஜாம்ரியை 18 மாதமும் ஆட்சிக்குழுவினர் ஆறு பேரை 12 மாதமும் இடைநீக்கம் செய்தார். 31 என்பது 24 ஆனது! ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அது அதிகார வரம்பை மீறியது என்றது. கடைசி அமர்விலிருந்து ஆறு மாதத்துக்குள் மன்றம் கூடியே ஆகவேண்டும் என்பதால் மே 7 அன்று கூட்டினார்கள். ஒரே அவையில் இரண்டு சபாநாயகர்கள். நாற்காலியை விடாத சிவகுமாரைக் காவலர்கள் இழுத்து வெளியேற்ற, ஆர். கணேசன் வந்து உட்கார்ந்தார். நாற்காலிக்காக நடந்த அந்தச் சண்டையில் இரு பக்கமும் இந்தியர்கள் என்பதை நம் ஆட்கள் இன்னும் ஒருவிதப் பெருமையோடு சொல்வதைக் கேட்டால் சிரிப்புத்தான் வருகிறது.

கட்சித் தாவல் தடைச் சட்டம் 2022 அக்டோபர் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. பினாங்கு 2012-லேயே சொந்தமாக ஒன்று போட்டிருந்தது. 2020-இல் நான்கு உறுப்பினர்கள் விவகாரத்தில் அது நீதிமன்றம் போய், 2022 ஆகஸ்டில் செல்லும் என்று தீர்ப்பானது. இப்போது ஓர் உறுப்பினர் கட்சியை விட்டு விலகினால் தொகுதி போய்விடும். ஆனால் கட்சி அவரை நீக்கினால் போகாது. கட்சியே மொத்தமாக அணி மாறினாலும் போகாது. ஆகவே தனித்தனித் தவளைகளின் (கட்சி தாவுகிறவர்களின்) காலம் ஏறக்குறைய முடிந்தது, குளமே நகர்கிற காலம் தொடர்கிறது. கட்சியில் இருந்துகொண்டே எதிரணியின் தலைவரை ஆதரித்தால்? 2024-இல் பெர்சத்து கட்சியின் ஆறு நாடாளுமன்ற உறுப்பினர்கள் அப்படித்தான் செய்தார்கள். கட்சி தன் விதியைத் திருத்தி, இவர்கள் உறுப்பினர்களே அல்ல என்று கடிதம் கொடுத்தது. இடம் காலியில்லை என்று நாடாளுமன்றச் சபாநாயகர் முடிவு சொன்னார். காலி என்று உறுதிசெய்து 21 நாளுக்குள் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டியவர் அவர்தான். மறுபடியும் அதே நாற்காலி.

சபாநாயகர் தேர்வுக்கு அடுத்த சோதனை, ஆண்டு இறுதியில் வருகிற மாநில வரவுசெலவு மசோதா. அது தோற்றால் அரசு தோற்றதாகத்தான் கொள்ளப்படும். இழுபறியில் அமைகிற அரசுகளில் கூட்டாளிகள் தங்கள் தொகுதிச் சாலை, பள்ளி மானியம் எல்லாவற்றையும் அக்டோபரிலேயே கேட்கத் தொடங்குவதற்குக் காரணம் அதுதான்.

பந்தயத்தைப் பற்றி: ‘நியமனத்தின்போது’ என்று நண்பர் ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டிருந்தால் அவர் ஜெயித்திருப்பார். சேர்க்கவில்லை. ரொட்டி சானாய் அவர் கணக்கு, தே தாரிக் உங்கள் கணக்கு.