அம்மா எழுதிய ஏழு பக்கம்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் டென்னசி மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஹாரி பர்ன் பற்றிப் படித்தேன். பெண்களுக்கு வாக்குரிமை தரும், அமெரிக்க அரசியல் சட்டத்தின் 19-ஆவது திருத்தம் 1920-ல் அவருடைய ஒரு ஓட்டில்தான் அங்கே தேறியதாம். அம்மா கடிதம் போட்டதால் மனம் மாறினாராம். சொந்தக் கொள்கை இல்லாத அம்மா பிள்ளையை எதற்குக் கொண்டாட வேண்டும்? பிற்பாடு என்ன ஆனார்?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

அம்மா பிள்ளை என்கிறீர்களே, அந்த அம்மா என்ன எழுதினார் என்று பார்த்தீர்களா? ஒரு வாரமாக எனக்கு இதே நினைப்பு, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

ஃபெப் பர்ன் கண்ணீர்க் கடிதம் எழுதவில்லை. ஏழு பக்கம், பெரும்பாலும் வீட்டுச் செய்தி. நடுவே, பெண்களுக்கு ஓட்டுப் போடு, அவர்களை இழுத்தடிக்காதே என்கிறார். எதிர்த்துப் பேசியவர்களின் பேச்சைப் படித்தேன், கசப்பாக இருந்தது, நீ எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன், இன்னும் ஒன்றும் கண்ணில் படவில்லை என்கிறார். இது பாசமா தம்பி? கணக்குக் கேட்பது! புருஷன் போனபின் பண்ணையைப் பார்த்துக்கொண்ட, படித்த பெண். அவரிடம் கூலிக்கு இருந்த எழுத்தறியாத ஆண்களுக்கு ஓட்டு உண்டு, அவருக்குக் கிடையாது.

மகனுக்கு 24 வயது. சட்டையில், பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்ற அணியின் அடையாளமான சிவப்பு ரோஜா. ஆகஸ்ட் 18-ம் தேதி, திருத்தத்தை ஏற்கும் தீர்மானத்தைக் கிடப்பில் போடத்தான் முதலில் ஓட்டுப் போட்டார். அது 48-க்கு 48 என்று நின்றது. அப்புறம் தீர்மானமே ஓட்டுக்கு வந்தபோது பையில் அம்மா கடிதத்தோடு "ஆம்" என்றார். மறுநாள் அவைக் குறிப்பில் விளக்கம் பதிந்தார். முதல் வரி, முழு வாக்குரிமை ஒரு உரிமை என்று நம்புகிறேன் என்பது. அம்மா அதற்கு அப்புறம்தான் வருகிறார். கொள்கை இல்லை என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? கொள்கை இருந்தது, வாயைத் திறக்கப் பயம், அவ்வளவுதான். அதே விளக்கத்தில் தன் மலைப்பகுதி உலகிலேயே தூய ஆங்கிலோ-சாக்சன் பூமி என்று பெருமையும் அடித்திருக்கிறார். கொண்டாடுகிறவர்கள் அந்த வரியை நைசாக விட்டுவிடுவார்கள். அவர் இருந்த தெற்கில் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோர் ஓட்டுப் போட 1965-ல் வாக்குரிமைச் சட்டம் வரும் வரை காத்திருந்தார்கள்.

பிற்பாடா? அந்த நவம்பரிலேயே மறுபடி ஜெயித்தார், வக்கீலானார், கவர்னராக முயன்று தோற்றார், மாநில செனட்டில் இருந்தார், 1977-ல் இறந்தார். போதுமா?

என் அம்மாவும் இப்படித்தான் எழுதுவாள். நான் வெளியூர் வேலைக்குப் போன புதிதில் இன்லாண்டு லெட்டர் வரும், மாடு கன்று போட்டது, கிணறு வற்றிவிட்டது, எதிர்வீட்டில் கல்யாணம் என்று இண்டு இடுக்கு விடாமல். ஒருமுறை ஒட்டுகிற மடிப்பில் குறுக்காக ஒரு வரி: "தங்கச்சி படிச்சது போதும்னு அப்பாவுக்கு எழுதினியாமே, வெக்கமா இல்ல?" சிக்கனம் கருதி எழுதியிருந்தேன். பெரிய முற்போக்கு என்று நண்பர்களிடம் பேசித் திரிந்த வயதில்தான்.

அப்பாவுக்கு வேறு கடிதம் போட்டேன். தங்கச்சி டீச்சராகி ரிட்டையரும் ஆகிவிட்டாள். அந்த இன்லாண்டு இப்போது அவளிடம் இருக்கிறது, கேட்டால் தர மாட்டேன் என்கிறாள்.