ஒரு சம்பளம், ஒவ்வொருவராக வரும் டிராகன்கள்: கோபயாஷி வீட்டுக் கணக்கு தாங்குமா?

கேள்வி: வணக்கம். ஜப்பானில் நடக்கும் ஒரு படக்கதை எழுதுகிறேன். தனியாக வாழும் ஒருத்தியின் வீட்டுக்கு அழகான விருந்தாளிகள் ஒவ்வொருவராக வந்து, திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கிவிடுகிறார்கள். அனிமே எனப்படும் ஜப்பானிய அனிமேஷன் தொடர்களில் இது பழகிய அமைப்புதான். ‘மிஸ் கோபயாஷிஸ் டிராகன் மெய்ட்’ தொடரைப் பார்த்தபோது ஒரு சந்தேகம் வந்தது. மென்பொருள் வேலை பார்க்கும் கோபயாஷி என்ற பெண், ஒரே சம்பளத்தில் மூன்று டிராகன்களை, வீட்டு வேலை செய்யும் தோருவையும் சிறுமி கன்னாவையும் பிறகு இலுலுவையும், வைத்துக் காப்பாற்ற நிஜத்தில் முடியுமா? முடியாதென்றால் எந்த இடத்தில் உடையும்? கணக்கு சரியாக இருந்தால்தான் என் கதையும் நிற்கும்.

பதில்: முடியும். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் இடத்தில் சிக்கல் வராது. எல்லோரும் சாப்பாட்டுச் செலவைத்தான் நினைக்கிறார்கள். அந்தச் செலவு தாங்கக்கூடியது. வீடு மாறும்போது மொத்தமாகப் போகும் பணமும், வந்தவர்கள் எந்த அரசுப் பதிவிலும் இல்லாததால் கைநழுவும் சலுகைகளும்தான் உண்மையான சுமை.

முதலில் வரவு. தொடரில் அவள் சம்பளம் சொல்லப்படவில்லை. அனுபவமுள்ள ஒரு மென்பொருள் பொறியாளருக்குப் பொருந்துகிற மாதிரி ஆண்டுக்கு 54 லட்சம் யென் என்று வைத்துக்கொள்வோம். சமூகக் காப்பீடு, வருமான வரி, உள்ளூர் குடியிருப்பு வரி எல்லாம் போகச் சுமார் 41.6 லட்சம் கைக்கு வரும். இதை 12-ஆல் வகுத்து மாதம் 3.47 லட்சம் என்று எழுதினீர்கள் என்றால் அங்கேயே கணக்கு தவறிவிடும். பல ஜப்பானிய நிறுவனங்கள் கோடையிலும் டிசம்பரிலும் போனஸ் தருகின்றன. இரண்டு போனஸும் சேர்ந்து நான்கு மாதச் சம்பளம் என்று கொண்டால், சாதாரண மாதத்தில் அவள் கையில் வருவது சுமார் 2,58,000 யென்தான். ஒவ்வொரு போனஸிலும் 5,35,000 அளவில் வரும். வாடகை மாதாமாதம் போவது. அதனால் வாடகையை 2,58,000-க்குள் பொருத்த வேண்டும், சராசரியை நம்பக் கூடாது. குடும்பம் திடீரென்று பெருகும் வீடுகளில் அதிகம் நடக்கும் பிழை இது.

தனியாக இருந்தபோது அவள் செலவு: வாடகை 65,000, சாப்பாடு 50,000 (பெரும்பாலும் வெளியே), மின்சாரம், எரிவாயு, தண்ணீர் 12,000, கைபேசியும் இணையமும் 10,000, வேலை முடிந்து குடிக்கப் போவதற்கு 25,000, துணி, புத்தகம் 25,000, மற்றவை 18,000. மொத்தம் 2,05,000. ரயில் கட்டணத்தை வழக்கம்போல நிறுவனமே கொடுத்துவிடும். மாதம் 53,000 மிச்சம், போனஸையும் சேர்த்தால் ஆண்டுக்கு 17 லட்சம் சேமிப்பு. நல்ல நிலைமை.

தோருவும் கன்னாவும் வந்த பிறகு: வாடகை 1,10,000, சாப்பாடு 85,000, மின்சாரம் முதலியவை 24,000, கைபேசி, இணையம் 12,000, பள்ளி 10,000, துணி, வீட்டுச் சாமான் 20,000, குடி 15,000, மற்றவை 12,000. மொத்தம் 2,88,000. மாதம் 30,000 துண்டு விழுகிறது. அதை போனஸிலிருந்து அடைத்தால் ஆண்டு முடிவில் மிஞ்சுவது 7 லட்சம் சொச்சம். ஒரு ஆளுக்கு 50,000 ஆன சாப்பாட்டுச் செலவு மூன்று பேருக்கு 85,000-க்குள் நின்றதற்குக் காரணம், தோரு வீட்டில் சமைப்பதுதான். கடைவீதியில் அன்றன்றைக்கு மலிவான காய்கறியும் மீனும் பார்த்து வாங்குகிற ஆள் வீட்டில் இருந்தால் இந்தத் தொகை நிற்கும். தோரு சமைக்காத மாதத்தில் அதே மூன்று பேருக்கு 1,20,000 தாண்டும்.

இப்போது வீடு. தொடரில் சிறிய வீடு போதாமல் பெரிய வீட்டுக்கு மாறுகிறார்கள். 1,10,000 வாடகை வீட்டுக்குள் நுழைய எவ்வளவு ஆகும் தெரியுமா? திரும்பக் கிடைக்கக்கூடிய ஷிகிகின் என்ற முன்பணம் ஒரு மாதம், 1,10,000. திரும்பவே வராத, வீட்டுக்காரருக்கு நன்றிப் பணமாகப் போகிற ரெய்கின் இன்னொரு 1,10,000. தரகருக்கு ஒரு மாத வாடகையும் அதன்மேல் 10% நுகர்வு வரியும், 1,21,000. முதல் மாத வாடகை 1,10,000. பிணை நிற்கும் நிறுவனத்துக்கு அரை மாதம், 55,000. இரண்டு ஆண்டுத் தீக்காப்பீடு 20,000, பூட்டு மாற்ற 20,000. மொத்தம் 5,46,000. இதன்மேல் வண்டிக் கூலி, புதுப் படுக்கைகள், திரைச்சீலை, பெரிய குளிர்பதனப் பெட்டி, பழைய வீட்டின் துப்புரவுக் கட்டணம், இரண்டு வீட்டுக்கும் சேர்த்து வாடகை கொடுக்கும் அந்த ஒரு மாதம். எப்படிப் பார்த்தாலும் 8 லட்சத்தைத் தொடும். ஒன்றரை போனஸ் ஒரே வாரத்தில் போய்விடும். டோக்கியோவைச் சுற்றிய கான்டோ பகுதியில் பல ஒப்பந்தங்களில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்புக் கட்டணமாக இன்னொரு மாத வாடகையும் கேட்பார்கள். மார்ச், ஏப்ரலில் ஊரே வீடு மாறும், வண்டிக் கூலி வெகுவாக ஏறும். உங்கள் கதையில் இடமாற்றத்தை மே மாதத்துக்குத் தள்ளுங்கள்.

மாறாமல் பழைய ஓர் அறை வீட்டிலேயே மூவரும் இருந்தால் என்ன என்று கேட்கலாம். அது இன்னும் ஆபத்து. சிறிய வீடுகளின் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் ஒருவர் மட்டுமே தங்கலாம் என்று எழுதியிருக்கும், தங்குபவர் பெயரும் அதில் இருக்கும். சொல்லாமல் ஆளைச் சேர்த்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் காரணம் கொடுத்ததாகிவிடும். சத்தம் பற்றி அக்கம்பக்கத்தார் நிர்வாக நிறுவனத்துக்குத் தொலைபேசியில் சொன்னாலே விஷயம் வெளிவரும். முதல் நாளே வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குவதுதான் மலிவான வழி.

தீக்காப்பீட்டையும் கவனியுங்கள். நெருப்பு உமிழும் விருந்தாளிகள் உள்ள கதையில் இதைத் தாண்டிப் போக முடியாது. ஜப்பானில் 1899-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெரும் கவனக்குறைவு இல்லாமல் தீப்பற்றினால் பக்கத்து வீட்டுக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்காரருக்குக் கொடுக்க வேண்டிய நஷ்டஈட்டுக்கு அந்த விலக்கு பொருந்தாது. வாடகைக்கு எடுத்த வீட்டை எடுத்தபடியே ஒப்படைக்கும் கடமை ஒப்பந்தத்திலிருந்து வருகிறது. வாடகைதாரர் காப்பீடு பொதுவாகப் பெயர் சொல்லப்பட்டவரையும் அவர் குடும்பத்தாரையும்தான் பாதுகாக்கும். உறவில்லாத ஒருவரால் தீ வந்தால் நிறுவனம் கைவிரிக்க இடமுண்டு. ஒப்பந்தம் எழுதும்போதே உடன்வசிப்பவரைச் சேர்க்கச் சொல்ல வேண்டும்.

அடுத்து, பலர் யோசிக்காத பகுதி. கோபயாஷி இருவரைக் காப்பாற்றினாலும் அரசின் கண்ணில் அவள் தனி ஆள். வருமான வரியில் 16 வயதுக்கு மேற்பட்ட ஒருவரைப் பராமரிப்பதற்கு 3,80,000 யென் கழிவு உண்டு. ஆனால் அவர் உறவினராக இருக்க வேண்டும். ஆறு தலைமுறை எண்ணிக்கை வரை இரத்த உறவு, மூன்று வரை திருமண உறவு. தோரு இதில் இல்லை. கன்னா போன்ற சிறுமிக்கு வரிக் கழிவே கிடையாது. பதிலாகக் குழந்தை உதவித்தொகை. 2024 அக்டோபரிலிருந்து வருமான வரம்பு இல்லாமல் 3 வயது முதல் பள்ளிப் படிப்பு முடியும் வயது வரை மாதம் 10,000 யென், மூன்றாவது பிள்ளைக்கு 30,000. குடியிருப்புப் பதிவு இல்லாத பிள்ளைக்கு அதுவும் வராது. ஆண்டுக்கு 1,20,000 கைநழுவுகிறது. மருத்துவக் காப்பீட்டிலும் அதே கதை: பதிவு இருந்தால் செலவில் 30%தான் நாம் கட்டுவது. இல்லையென்றால் முழுத் தொகை. 15,000 ஆகும் ஒரு பரிசோதனைக்கு 4,500 கொடுப்பதும் 15,000 கொடுப்பதும் ஒன்றல்ல.

தத்தெடுத்துவிடலாமே என்று கதையில் ஒரு வழி தோன்றும். ஜப்பானியக் குடிமைச் சட்டம் தன்னைவிட மூத்தவரைத் தத்தெடுக்க விடாது. டிராகன்களின் வயதுக்கு முன்னால் கோபயாஷி இளையவள். அந்தக் கதவு மூடியிருக்கிறது. இதை நீங்கள் ஒரு அத்தியாயமாகவே எழுதலாம், ஏனென்றால் அன்பு இருந்தும் காகிதம் இல்லாத குடும்பங்கள் நிஜத்திலும் இதே சுவரில்தான் மோதுகின்றன.

பள்ளிச் செலவு பெரிதல்ல. அரசுத் தொடக்கப் பள்ளியில் கட்டணமும் பாடநூலும் இலவசம். மதிய உணவுக்கும் அதிகம் ஆகாது. வலிப்பது முதல் மாதம்தான்: ராந்தொசெரு தோல்பை மட்டும் 50,000 முதல் 70,000, அதோடு உள்செருப்பு, விளையாட்டுச் சீருடை, கணக்குப் பெட்டி.

தோருவின் உழைப்புக்கு எப்படி விலை போடுவது? வீட்டு வேலை நிறுவனங்களின் மணிக்கட்டணத்தை அவள் உழைக்கும் எல்லா மணிக்கும் பெருக்கினால் கோபயாஷியின் சம்பளமே தாண்டிவிடும். அந்தக் கணக்கு பயனற்றது. தோரு இல்லாவிட்டால் கோபயாஷி உண்மையில் எதற்குப் பணம் கொடுத்திருப்பாள் என்று பாருங்கள்: வெளிச் சாப்பாட்டு மிச்சம் 35,000, பள்ளி விட்டு வரும் கன்னாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், வாரம் ஒருமுறை துப்புரவு. மாதம் 60,000 முதல் 70,000 வரை தோரு வீட்டுக்குக் கொண்டுவருகிறாள். அவளைச் சும்மா உட்கார்ந்து சாப்பிடுபவள் என்று சொல்வது கணக்குப்படி தவறு. தனி வீட்டில் நேரடியாக வேலை செய்பவருக்குத் தொழிலாளர் தரநிலைச் சட்டம் பொருந்தாது என்று அதன் 116-வது பிரிவு விலக்கு தருகிறது. அதனால் சம்பளம் கொடுக்காதது சட்டமீறல் ஆகாமல் போகலாம். நியாயம் வேறு. மாதம் 15,000 யென் அவள் கையில், எதற்கென்று கேட்காமல் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சின்னப் பொருளுக்கும் கைநீட்டி நிற்கும் நிலை வந்தால் அந்த வீட்டில் மனக்கசப்பு தொடங்கிவிடும். மேலே சொன்ன குடிச் செலவிலிருந்தும் மற்றவையிலிருந்தும் இதை எடுக்கலாம்.

இலுலு வருவது கணக்கை மேம்படுத்துகிறது. நான்காவது ஆள் வந்தாலும் வாடகை உயராது. சாப்பாடு 22,000, மின்சாரம் முதலியவை 5,000, சில்லறை 6,000, ஆக 33,000. அவளோ மிட்டாய்க் கடையில் வேலைக்குப் போகிறாள். டோக்கியோவை ஒட்டிய சைத்தாமாவில் 2024 அக்டோபரில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 1,078 யென்னாக இருந்தது. நாளுக்கு 4 மணி, மாதம் 20 நாள் என்றால் 86,240. அதில் 35,000 வீட்டுக்குக் கொடுத்தால் அவள் தன் பங்கை முழுக்கக் கட்டிவிடுகிறாள், மீதி அவளுடையது. நிரந்தரத் தொகையாக, சம்பளம் வந்த அன்றே கொடுக்கச் செய்யுங்கள். செலவைப் பார்த்துப் பங்கு பிரிப்பது ஒவ்வொரு மாதமும் வாக்குவாதமாக முடியும்.

மற்ற தொடர்களில் அடிப்படையே வேறு. ‘ஓ மை காடஸ்’ தொடரின் நாயகன் கெய்ச்சி மாணவன். பெண்ணோடு வந்ததால் ஆண்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு கோயிலில் தங்குகிறான், அதனால் வாடகையே இல்லை, அந்தப் பெண்ணின் சகோதரிகள் வந்தாலும் கூடுவது சாப்பாடும் மின்சாரமும்தான். ‘உருசே யாட்சுரா’வில் விண்வெளியிலிருந்து வந்த லம் தங்குவது நாயகன் அத்தாருவின் பெற்றோர் வீட்டில், அவன் சல்லிக்காசு கொடுப்பதில்லை, சுமை அப்பாவின் சம்பளத்தில். உங்கள் நாயகி எந்த வகை என்பதை முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

அவள் கோபயாஷி வகை என்றால் நான் சொல்லும் வரிசை இது. முதல் விருந்தாளி வந்த வாரமே வீட்டுக்காரருக்குக் கடிதம். அடுத்த போனஸைத் தொடாமல் வைத்து, அதற்கடுத்த போனஸும் சேர்ந்த பிறகே வீடு மாறுதல். மாறிய பின் அவசரக் கையிருப்பு மூன்று மாதச் செலவிலிருந்து ஆறு மாதமாக, 17 லட்சமாக, உயர வேண்டும். தானாக வேலையை விட்டால் 2025 ஏப்ரலிலிருந்து 7 நாளும் மேலும் ஒரு மாதமும் காத்த பிறகே வேலையின்மைத் தொகை கணக்கில் ஏறத் தொடங்கும், அதுவும் பழைய சம்பளத்தின் ஒரு பகுதிதான். உயில் இல்லாவிட்டால் அவள் காலத்துக்குப் பின் உறவில்லாதவர்களுக்கு வாரிசுரிமையாக ஒன்றும் போகாது. ஆயுள் காப்பீட்டிலும் உறவில்லாதவரைப் பயனாளியாக ஏற்கும் நிறுவனங்கள் குறைவு. எனவே கைப்பட ஓர் உயில் எழுதி சட்ட விவகார அலுவலகத்தில் வைக்கட்டும். 2020 ஜூலையிலிருந்து அந்த வசதி உண்டு, கட்டணம் 3,900 யென்.