நரம்பைப் பிரித்தவன்

அன்புள்ள ஐயா,

போன ஞாயிறு நானும் என் பள்ளித் தோழனும் அஞ்செட்டி தாண்டி, தொட்டல்லா ஆற்றோரமாகக் காட்டுக்குள் நடந்துபோய் மாலை வரை தூண்டில் போட்டோம். ஒரு மீனும் சிக்கவில்லை. நண்பன் நாள் முழுக்கப் பத்து வார்த்தைகூடப் பேசவில்லை. எனக்குச் சங்கடமாக இருந்ததால் ப்ளூடூத் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டேன். நடுவில் என் தூண்டில் நரம்பு சிக்காகிவிட்டது. ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவன்தான் பிரித்துக் கொடுத்தான். அவனுக்கு என்மேல் கோபமா? பொழுதுபோக்காக மீன் பிடிப்பது பாவமா? நல்ல ரீல் தூண்டில் எது?

ஒரு வாசகர், ஓசூர்

அன்புள்ள தம்பி,

ரீல் தூண்டிலைப் பற்றிக் கடைக்காரரிடம் கேளுங்கள். பாவ புண்ணியம், மீன் தின்கிற வீட்டில் பிறந்த என்னிடம் கேட்க வேண்டிய கேள்வி இல்லை. ஸ்பீக்கருக்கு வருகிறேன்.

யானை நடக்கிற காட்டில் பாட்டா போட்டீர்கள்? உண்ணிச்செடிப் புதரில் பத்தடிக்கு மேல் கண் போகாது. அங்கே மனிதனைக் காப்பாற்றுவது காதுதான். புதருக்குப் பின்னால் யானை அசையாமல் நிற்கும். காது விசிறும் ஓசை, குச்சி முறியும் ஓசை, அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கிற எச்சரிக்கை. 20 ஹெர்ட்ஸுக்குக் கீழே அவை தங்களுக்குள் பேசிக்கொள்வது நம் காதில் விழாது. விழுகிற கொஞ்சத்தையும் நீங்கள் பாட்டால் மூடிவிட்டீர்கள். உங்களை மட்டுமில்லை, உங்களை நம்பி வந்தவனையும் சேர்த்து ஆபத்தில் வைத்தீர்கள்.

மீன் ஏன் வரவில்லை? கெண்டை இனத்துக்குக் கூர்மையான காது. வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பையிலிருந்து உள்காது வரை சின்னச் சின்ன எலும்புகள் தொடுத்தாற்போல இருக்கும். கரையில் ஓங்கி மிதித்தாலே அதற்குத் தெரிந்துவிடும். நீங்கள் பாறைமேல் ஸ்பீக்கரை வைத்து அதிரவிட்டிருக்கிறீர்கள்.

1986 கோடையில் எனக்கும் இதே புத்திதான். ஒகேனக்கல்லுக்கு மேலே சின்னாற்றில் பரிசல்காரர் மகன் ஒருவனோடு போனேன். வழியெல்லாம் நான்தான் பேசினேன். திடீரென்று அவன் என் நெஞ்சில் கையை வைத்து நிறுத்தினான். எதிரே யானை லத்தி. குனிந்து புறங்கையை வைத்துப் பார்த்தான். சூடு ஆறவில்லை. நீர்மருது மரத்துக்குப் பின்னால் நின்றோம். கொஞ்ச நேரத்தில் நான்கு யானைகள், நடுவில் ஒரு குட்டி, ஆற்று மணலைக் கடந்தன. அத்தனை பெரிய உடம்பு போகிறது, காலடிச் சத்தமே இல்லை. அப்புறம் நான் வாயே திறக்கவில்லை.

மீன் கடிப்பதைக் காட்ட நரம்பில் மிதக்கவிடுவார்களே தக்கை, அதை அவன் கட்டமாட்டான். மதியத்துக்குக் கொண்டுவந்த ராகிக் களியில் ஒரு கிள்ளு எடுத்து முள்ளில் செருகுவான். நரம்பைச் சுட்டுவிரல்மேல் போட்டுக்கொண்டு உட்காருவான். கெண்டை முதலில் கொறித்துப் பார்க்கும், அது விரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும் என்று என் விரலிலும் போட்டுக் காட்டினான். இருந்தது. சாயங்காலம் ஒரு பொம்மீன் குட்டி மாட்டியது, மஹ்சீர் என்கிறார்களே, அந்தப் பெரிய கெண்டை இனம். செதிலெல்லாம் பொன்னிறம். தண்ணீரைவிட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றி, ஓட்டத்துக்கு எதிராக முகத்தைத் திருப்பி, அது தானாக நழுவும்வரை இரு கையிலும் ஏந்தியிருந்தான். ஏன் விட்டாய் என்றேன். "பெருசாகட்டும்" என்றான். அன்றைக்கு அவன் பேசியதில் எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான். காவிரியின் அந்தப் பெரிய பொம்மீன் அழிவின் விளிம்பில் இருக்கும் இனமென்று 2018இல் உலகப் பட்டியலில் சேர்த்ததைப் படித்தபோது அவனுடைய ஈரக் கைகள்தான் கண்முன் வந்தன.

போன ஆடியில் அவன் போய்விட்டான். உங்கள் கடிதம் வந்தபோது அவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோபமா என்று கேட்கிறீர்கள். தம்பி, சிக்கான நைலான் நரம்பை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பிரித்திருக்கிறான். கோபம் இருக்கிறவன் பிளேடால் அறுத்து எறிந்திருப்பான். அதை ஒற்றை வரியில் எழுதிவிட்டு, அவன் பேசவில்லை என்பதற்கு மூன்று வரி அழுகிறீர்களே.

நீங்கள் போன காடு 2014 முதல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம். வனத்துறை அனுமதியில்லாமல் உள்ளே போவதும் குற்றம், தூண்டில் போடுவதும் குற்றம். இனி அங்கே வேண்டாம். உங்கள் ஊர்ப் பக்கம் ஏரி இருக்கும், குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். அவனையும் கூட்டிக்கொண்டு போங்கள். தக்கை கட்டாதீர்கள்.