குரலை உயர்த்தாத நடுவரை மதிப்பார்களா?

கேள்வி: நான் கால்பந்து நடுவராகி ஓராண்டு ஆகிறது. சென்ற வாரம் ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் ஒரு பெனால்டி கொடுத்தேன். ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டு, "கண் தெரியவில்லையா?" என்று கத்தினார்கள். நானும் பதிலுக்குக் கத்தினேன். மூன்று மஞ்சள் அட்டை, ஒரு சிவப்பு அட்டை. முடிந்ததும் பயிற்சியாளர் கை கொடுக்க மறுத்துவிட்டார். முடிவு சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. குரலை உயர்த்தாவிட்டால் மதிக்க மாட்டார்கள் என்கிறார்கள் மூத்தவர்கள். உண்மையா?

பதில்: உண்மையில்லை. உங்கள் பெனால்டி சரியாகவே இருந்திருக்கும். நீங்கள் கத்தும்வரை அவர்களுக்குத் தீர்ப்போடுதான் சண்டை. கத்திய பிறகு உங்களோடு சண்டையாகிவிட்டது.

பெனால்டிக்குக் காரணமான தடுப்பாட்டக்காரரை நினைத்துப் பாருங்கள். எண்பது நிமிடம் ஓடி உழைத்தது ஒரு விசிலில் போய்விட்டது. முடிவு மாறாது என்பது அவருக்கும் தெரியும். தன் ஆற்றாமையை யாராவது காதில் வாங்கினால் போதும் அவருக்கு. "பார்த்தேன். பந்துக்கு முன் உங்கள் கால் அவர் காலில் பட்டது" என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். மீண்டும் கேட்டால், "கேட்டுக்கொண்டேன், இனி ஆடுவோம்." மூன்றாம் முறைக்கு மஞ்சள் அட்டை. விளக்கம் ஒரு வரியைத் தாண்டினால் அது வாதமாகிவிடும். வாதத்தில் நடுவர் வென்றதை நான் பார்த்ததில்லை. "கத்தாதே, அமைதியாக இரு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கொதிப்பவரை அது இன்னும் கொதிக்க வைக்கும். கோபத்தில் நம் பேச்சிலிருந்து முதலில் காணாமல் போவது 'நீங்கள்' என்ற மரியாதைச் சொல்தான். எதிரில் இருப்பவர் பதினேழு வயதுப் பையனானாலும் அதை விட்டுவிடாதீர்கள்.

விசில் ஊதியதும் அதே இடத்தில் நிற்காமல், கூட்டமில்லாத பக்கமாக நிதானமாக நடங்கள். சூழ வருபவர்கள் வரிசையாகப் பிரிந்துவிடுவார்கள். பின்னோக்கி மட்டும் நகராதீர்கள், பயந்ததாகத் தெரியும். பிறகு கேப்டனை மட்டும் அழையுங்கள். கேப்டனுக்குத் தனிச் சலுகை எதுவும் இல்லை என்றாலும், தன் அணியின் நடத்தைக்கு அவருக்குப் பொறுப்பு உண்டு என்கின்றன ஆட்ட விதிகள். 2024 யூரோ கோப்பையில் கேப்டன் மட்டுமே நடுவரிடம் வந்து பேசலாம் என்று வைத்ததும் இதற்காகத்தான். ஆட்டத்துக்கு முன்பே இரு கேப்டன்களிடமும் இதைச் சொல்லிவிடுங்கள்.

அட்டை எப்படி வந்தது தெரியுமா? 1966 உலகக் கோப்பைக் காலிறுதியில் அர்ஜென்டினா கேப்டன் ரத்தினை ஜெர்மன் நடுவர் வெளியேற்றினார். இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. அவர் பல நிமிடம் வெளியேற மறுத்து நின்றார். நடுவர்களுக்குப் பொறுப்பாளராக இருந்த கென் ஆஸ்டனுக்கு, அதன்பின் போக்குவரத்து விளக்கைப் பார்த்தபோது தோன்றியதே மஞ்சளும் சிவப்பும். 1970 உலகக் கோப்பையில் நடைமுறைக்கு வந்தது. சொல்லைப் புரியவைக்கப் பிறந்த அட்டையை நம் கோபத்தைக் காட்டும் கருவியாக்குவது எனக்குப் பிடிப்பதில்லை. வீரரைச் சற்றுத் தள்ளி அழைத்து, காரணத்தைச் சொல்லி, அதன்பின் காட்டுங்கள். முகத்தருகே ஆட்டாதீர்கள்.

அடிதடி, மிரட்டல், இழிசொல் இவற்றுக்குப் பேச்சே வேண்டாம். உடனே சிவப்பு அட்டை. அதையும் அதே தாழ்ந்த குரலிலேயே செய்யலாம்.

சில நாள் உங்கள் கண்ணும் தவறும். அப்போது, "நான் நின்ற இடத்திலிருந்து எனக்கு அப்படித்தான் தெரிந்தது" என்று உள்ளதைச் சொல்லுங்கள். இந்த ஒரு வரிக்கு அடங்கிய முரட்டு வீரர்கள் பலரை எனக்குத் தெரியும்.

அந்தப் பயிற்சியாளரின் அணிக்கு மறுபடி நடுவராகப் போனால், ஆட்டம் தொடங்குமுன் நீங்களே போய்க் கை நீட்டுங்கள். பெனால்டியைப் பற்றிப் பேச வேண்டாம். அன்று கத்தியதற்கு மட்டும் வருத்தம் தெரிவித்துவிட்டு மைதானத்துக்குள் இறங்குங்கள்.