கிரகணம் பார்த்துவிட்டு வீடு திரும்புவது: வேலூர் வான்நோக்கர்களின் கேள்வி பதில்

2027 ஆகஸ்ட் 2-இல் எகிப்தின் லக்சரில் ஆறு நிமிடத்துக்கும் மேலான முழுச் சூரிய கிரகணம். 2031 மே 21-இல் மதுரைப் பக்கம் வளையக் கிரகணம், அதாவது சூரியனின் ஓரம் மட்டும் மோதிரம் போலத் தெரிவது. இரண்டுக்கும் நாம் ஊரை விட்டுப் போயாக வேண்டும். திரும்பி வருவதைப் பற்றி மட்டும் இங்கே கேளுங்கள். கேட்பவரின் பெயருக்குப் பதில் ஊர்ப்பெயர் போட்டிருக்கிறேன்.

காட்பாடி: சார், மதுரையில் வளையம் கலைந்த உடனே காரை எடுத்தால் ராத்திரிக்குள் வந்துவிடலாமா?

எடுக்காதீர்கள். போகும்போது கூட்டம் இரண்டு நாளாகச் சொட்டுச் சொட்டாகச் சேரும். திரும்பும்போது அத்தனை பேரும் ஒரே பத்து நிமிடத்தில் சாவியைத் திருகுவார்கள். 2017, 2024 அமெரிக்கக் கிரகணங்களில் மணிக்கணக்கில் சாலைகள் அடைத்துக்கொண்டது இப்படித்தான். வளையம் கலைந்தாலும் பகுதிக் கிரகணம் முழுதாக விலக ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஆகும். அதையும் உட்கார்ந்து பாருங்கள்.

சரி, நெரிசல் அடங்கட்டும் என்று மாலை ஆறுக்குக் கிளம்பினால்? தூரம் சுமார் 450 கி.மீ. வேலூரை நெருங்கும்போது விடியற்காலை இரண்டு, மூன்று மணி, கண் செருகும் நேரம். அதுவும் கத்திரி வெயிலில் பகலெல்லாம் நின்ற உடம்பு. ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். அறையை இரண்டு இரவுக்குப் பதிவு செய்யுங்கள். பெட்ரோலும் ஃபாஸ்டாக் பணமும் முதல் நாளே நிரம்பியிருக்கட்டும். வரைபடத்தை போனில் இறக்கி வையுங்கள். கூட்டத்தில் நெட் கிடைக்காது. டயர் காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சூட்டில் அழுத்தம் கூடித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடக் கூடாது.

போளூர்: அண்ணே, திருச்சி, விழுப்புரம், திருவண்ணாமலை வழிதானே கிட்ட?

கிலோமீட்டர் கணக்கில் கிட்டதான். ஆனாலும் ராத்திரி ஓட்டியே ஆக வேண்டுமென்றால் சேலம், கிருஷ்ணகிரி, ஆம்பூர் வழியாக வாருங்கள்.

ஆம்பூர்: அப்படிச் சொல்லுங்க சார்! சேலத்துக்கும் தருமபுரிக்கும் நடுவில் வரும் தோப்பூர் கணவாய்தான் பயம்.

தோப்பூரில் பெரிய ஆபத்து சேலம் நோக்கி இறங்கும் லாரிகளால். நாம் ஏறும் பக்கம். அங்கே லாரி பின்னால் ஒட்டிப் போகாமல் இருந்தால் போதும்.

போளூர்: எங்கள் ரோட்டை இப்படி ஒதுக்கலாமா? கிரிவலக் கூட்டம்கூட அன்றைக்கு இருக்காதே!

சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும், கிரிவலம் பௌர்ணமிக்கு. அந்த நியாயத்தை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விழுப்புரத்தைத் தாண்டினால் எதிர்வண்டி முகத்துக்கு நேரே வரும் சாலை, பின்விளக்கு இல்லாத டிராக்டர்கள். களைத்த டிரைவருக்கு நடுவில் தடுப்புள்ள சாலையே நல்லது. பகலில் வருவதானால் திருவண்ணாமலை, கண்ணமங்கலம் வழியே தாராளமாக வாருங்கள், சண்டை இல்லை.

ஆரணி: மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தை மறந்துட்டீங்களே?

நல்ல கேள்வி. அமாவாசை திதி கிரகணப் பகலிலேயே முடிந்துவிடும். ஆகவே அங்காளம்மன் கோயில் ஊஞ்சல் உற்சவக் கூட்டம் முந்தின இரவு இருக்கவே வாய்ப்பு அதிகம். செஞ்சி வழியாகப் போகிறவர்கள் போகும்போதுதான் கவனிக்க வேண்டும்.

குடியாத்தம்: கிரகணம் விட்டதும் எப்போது கிளம்பலாம்?

முதல் பதிலைப் படியுங்கள்.

வாலாஜா: வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளிக்க வேண்டுமா?

வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள், என் துறை இல்லை. கிரகணத்தால் உடம்பில் எதுவும் ஒட்டிக்கொண்டு வராது.

பேரணாம்பட்டு: திரும்பும் வழியில் கண் மங்கலாக இருந்தால் சொட்டு மருந்து விடலாமா?

இதைக் கவனமாகப் படியுங்கள். விழித்திரை வெயிலில் வெந்தால் வலிக்காது. சில மணி நேரம் கழித்து, அதாவது பயணத்தின் நடுவில், பார்வையின் மையத்தில் கறுப்பாகவோ கலங்கலாகவோ ஒரு புள்ளி தெரியும், நேர்கோடு வளைந்து தெரியும். சொட்டு மருந்து அங்கே எட்டாது. ஒவ்வொரு கண்ணாக மூடிச் சோதியுங்கள். அப்படித் தெரிந்தவர் வண்டி ஓட்டக் கூடாது. விழித்திரை பார்க்கும் மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும். வளையக் கிரகணத்தில் ஒரு நொடிகூடக் கிரகணக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். முழுக் கிரகணத்தில் சூரியன் முழுதாக மறைந்திருக்கும் நிமிடங்களில் மட்டுமே கழற்றலாம்.

ராணிப்பேட்டை: லக்சரிலிருந்து தொலைநோக்கியைச் சேதமில்லாமல் கொண்டுவருவது எப்படி?

குழாயும் லென்ஸும் கைப்பையில், முக்காலியும், தொலைநோக்கியைச் சமநிலையில் நிறுத்தும் எதிர் எடையும் விமானத்தில் ஏற்றிவிடும் பெட்டியில். உபரி பேட்டரி, பவர் பேங்க் பெட்டியில் போகவே கூடாது. 100 வாட்-மணிக்குள் இருந்தால் கைப்பையில் அனுமதி உண்டு; 20,000 மில்லி ஆம்ப்-மணி பவர் பேங்க் 74 வாட்-மணிதான். பாலைவனத் தூசியைத் துணியால் துடைத்தால் கண்ணாடி கீறும். முதலில் ரப்பர் பல்பால் ஊதுங்கள். சூரிய ஒளியை மட்டுப்படுத்தும் வடிகட்டித் தாளை மடிக்காமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வையுங்கள். சென்னையில் இறங்கியதும் பையைத் திறக்காதீர்கள், குளிர்ந்த கண்ணாடியில் ஈரம் படியும். இரண்டு மணி நேரம் மூடியே இருக்கட்டும். விலையுயர்ந்த கருவி என்றால் புறப்படும்போதே சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்று வாங்குங்கள். இல்லையேல் திரும்பும்போது வெளிநாட்டில் வாங்கியதாக நினைத்து வரி கேட்பார்கள். படங்களை இரண்டு பிரதி எடுக்கும் வரை மெமரி கார்டை அழிக்காதீர்கள்.

சோளிங்கர்: காரில் கொண்டுவந்தால்?

லென்ஸ் மூடியைப் போடுங்கள். திறந்த லென்ஸ் வெயிலைக் குவித்துப் பின்சீட்டைக் கருக்கிவிடும்.

அணைக்கட்டு: ஐயா, லக்சரில் அன்று மாலையே விமானம் ஏறினால் ஒரு நாள் மிச்சமாகுமே? கிரகணம் முடிந்ததும்...

மறுநாளுக்கோ அதற்கடுத்த நாளுக்கோ போடுங்கள். கெய்ரோ, வளைகுடா, சென்னை என்று எல்லாம் ஒரே டிக்கெட்டாக இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி முதல் விமானம் தாமதமானால், அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். சென்னையில் நள்ளிரவில் இறங்கினால் மெட்ரோ ஓடாது. விடியும்வரை உள்ளேயே உட்கார்ந்திருந்து, மெட்ரோவில் சென்ட்ரல் போய், காட்பாடி ரயிலைப் பிடியுங்கள்.