அணுப்பொருள் ஆய்வாளர் பணி: ஒரு தாயின் கவலைக்குப் பதில்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

இயற்பியல் இளநிலை படிக்கும் உங்கள் மகள் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளராக விரும்புகிறாள் என்றும், ஒத்துழைக்க மறுக்கும் நாட்டில் அவள் சிக்கிக்கொண்டால் என்ன செய்வது என்று உங்களுக்குத் தூக்கமே வருவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். படிப்பைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்த அச்சத்துக்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஆய்வாளர் எந்த நாட்டுக்குள்ளும் அத்துமீறி நுழைவதில்லை. 1970-இல் நடைமுறைக்கு வந்த அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்த, அணு ஆயுதமற்ற நாடுகள், தம்மிடமுள்ள அணுப்பொருளைக் கண்காணிப்புக்கு உட்படுத்த இசைந்து முகமையுடன் தனி உடன்படிக்கை செய்துகொள்கின்றன. யார் ஆய்வுக்கு வரலாம் என்பதிலும் அந்த நாட்டுக்கு உரிமை உண்டு. முகமை முன்மொழியும் பெயரை அது ஏற்க மறுக்கலாம், ஏற்ற பெயரையும் பின்னர் விலக்கலாம். 2023 செப்டம்பரில் அனுபவம் மிக்க ஆய்வாளர்கள் பலரின் அனுமதியை ஈரான் இப்படித்தான் விலக்கியது. 2009 ஏப்ரலில் வட கொரியா வெளியேறச் சொன்னபோது, ஆய்வாளர்கள் தாங்கள் வைத்த முத்திரைகளை அகற்றி, கேமராக்களை நிறுத்திவிட்டுப் புறப்பட்டார்கள். ஒத்துழையாமை பெரும்பாலும் திறக்கப்படாத கதவாகவும், வந்து சேராத ஆவணமாகவும்தான் வெளிப்படுகிறது. அப்போது ஆய்வாளரின் கடமை வாதிடுவதன்று, கண்டதையும் காட்ட மறுக்கப்பட்டதையும் பிழையின்றிப் பதிவுசெய்வது. அதன் பிறகு முகமையின் முடிவெடுக்கும் அமைப்பான, 35 நாடுகள் கொண்ட ஆளுநர் குழுவும், தேவைப்பட்டால் ஐ.நா. பாதுகாப்பு சபையும் பார்த்துக்கொள்ளும்.

ஆபத்தே இல்லை என்று சொல்லி உங்களை ஏமாற்ற மாட்டேன். 2025 ஜூனில் ஈரான் மீது தாக்குதல் நடந்தபோது முகமையின் ஆய்வாளர்கள் அந்த நாட்டில்தான் இருந்தார்கள். ஜூலைத் தொடக்கத்தில், முகமையின் தலைமையகம் உள்ள வியன்னாவுக்குப் பத்திரமாகத் திரும்பினார்கள். அப்படிப்பட்ட நாட்கள் அரிது என்றாலும் அவை உண்டு என்பதை அறிந்தே இந்த முடிவை எடுக்க வேண்டும்.

அன்றாட வேலை வேறு விதமானது, தணிக்கையாளரின் பணியை ஒத்தது. நாடு அளித்த கணக்கில் உள்ள யுரேனியமும் புளூட்டோனியமும் உண்மையில் அங்கே இருக்கின்றனவா என்று எடைபோட்டும், காமா கதிர்களை அளந்தும் சரிபார்ப்பார்கள். ஒரு நாட்டுக்கு முதல் அணுகுண்டு செய்யப் போதுமானது என்று முகமை கொள்ளும் அளவு 8 கிலோ புளூட்டோனியம்தான் என்பதால், கணக்கில் சிறு வேறுபாடும் விளக்கம் கேட்கும். சில இடங்களில் கையுறை அணிந்து, 10 சென்டிமீட்டர் சதுரமான தூய பருத்தித் துணியால் ஓர் இயந்திரத்தின் மேற்பரப்பைத் துடைத்து, உறைக்குள் உறையாக இட்டு, முத்திரையிட்டு அனுப்புவார்கள். வியன்னாவுக்கு அருகிலுள்ள சைபர்ஸ்டார்ஃப் ஆய்வகம் போன்றவை, கண்ணுக்குத் தெரியாத துகளிலிருந்தே யுரேனியம் எந்த அளவுக்குச் செறிவூட்டப்பட்டது, அதாவது அதில் எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235-இன் பங்கு எவ்வளவு கூட்டப்பட்டது என்று சொல்லிவிடும். துடைத்த விதத்தில் கவனக்குறைவு இருந்தால் அந்த முடிவே கேள்விக்குரியதாகிவிடும். இந்தப் பொறுமை உங்கள் மகளுக்கு இருக்கிறதா என்பதை, அவள் மதிப்பெண்களைவிட முக்கியமாகக் கருதுகிறேன்.

ஒத்துழைப்பு முழுமையாகக் கிடைத்தால் இந்தப் பணி எவ்வளவு சாதிக்கும் என்பதையும் அவள் படிக்கட்டும். தென்னாப்பிரிக்கா தான் தயாரித்த 6 அணுகுண்டுகளைப் பிரித்தழித்துவிட்டதாக 1993-இல் அறிவித்து, பழைய பதிவேடுகளையும் இடங்களையும் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. அந்த வெளிப்படையான போக்கினால்தான் முகமையால் அதன் அறிவிப்பைச் சரிபார்க்க முடிந்தது. மாறாக, ஈராக்கின் மறைமுகத் திட்டம் 1991-இல் வெளிப்பட்ட பிறகு, அறிவிக்கப்பட்ட இடங்களை மட்டும் பார்ப்பது போதாது என்று உணர்ந்து, அறிவிக்கப்படாத இடங்களையும் பார்க்க வழிசெய்யும் கூடுதல் நெறிமுறையை 1997-இல் கொண்டுவந்தார்கள்.

இனி படிப்பு. இயற்பியல், வேதியியல், பொறியியல் ஆகிய எதுவும் பொருந்தும்; ஆனால் பட்டம் பெற்றவுடன் ஆய்வாளர் ஆகிவிட முடியாது. முதுநிலையில் கதிர்வீச்சு அளவீடு அல்லது அணுக்கருப் பொறியியல் படித்து, அணு உலை, எரிபொருள் ஆலை, ஆய்வகம் ஆகியவற்றில் ஒன்றில் சில ஆண்டுகள் உழைத்த பிறகே விண்ணப்பிப்பது நல்லது. பெண்களின் முதுநிலைப் படிப்புக்காக முகமை வழங்கும் மேரி ஸ்க்லோடோவ்ஸ்கா கியூரி உதவித்தொகையில், கல்விக் கட்டணத்துக்கு ஆண்டுக்கு 10,000 யூரோ வரையும் வாழ்க்கைச் செலவுக்கு 10,000 யூரோ வரையும், அதிகபட்சம் 2 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். முகமையில் பயிற்சிப் பணியிடங்களும் உண்டு. தேர்வானவர்களுக்குக் கண்காணிப்பு முறைகளை முகமையே தனியாகக் கற்பிக்கும். ஆங்கிலத்தில் தெளிவாக அறிக்கை எழுதும் பழக்கத்தை இப்போதே தொடங்கட்டும்; இதைப் பலர் கடைசிவரை அலட்சியம் செய்கிறார்கள்.

கதிர்வீச்சைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆய்வாளர்கள் அளவுமானி அணிகிறார்கள், ஒவ்வொருவர் பெறும் அளவும் பதிவாகிறது, மருத்துவப் பரிசோதனையும் உண்டு. இதைவிட, அடிக்கடி செய்யவேண்டிய பயணம் குடும்ப வாழ்க்கையில் உண்டாக்கும் பிரிவைப் பற்றித்தான் நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேச வேண்டும் என்பேன். பணியும் ஒப்பந்த அடிப்படையிலானது. ஓய்வுபெறும் வயதுவரை நிலைக்கும் என்று கணக்குப் போட வேண்டாம். ஆகவே தாய்நாட்டில் வேலை தரக்கூடிய ஒரு துறையில் அவள் முதலில் வேரூன்றட்டும். முதுநிலை விண்ணப்பங்களை அனுப்பும் முன், அவளையே எனக்கு எழுதச் சொல்லுங்கள். எந்தப் பாடப்பிரிவு அவளுக்குப் பொருந்தும் என்று சேர்ந்து பார்ப்போம்.